இரசாயனவியல் படிக்கும் மகள், குற்றவியல் சட்டத்தரணி ஆக ஆசை: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அக்கா,

மருந்தாளர் ஆவாள் என்று நீங்கள் நினைத்திருந்த மகள், இரசாயனவியல் மூன்றாம் ஆண்டில் வந்து நின்று சட்டம் படிக்கப் போகிறேன் என்கிறாள். அதிலும் வீடு, காணி எழுதுகிற வேலை வேண்டாமாம், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட வேண்டுமாம். "படித்த சயன்ஸ் எல்லாம் வீணா? கள்ளனையும் கொலைகாரனையும் காப்பாற்றுவதா என் பிள்ளையின் வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் இரண்டாவதும் தானாக வந்துவிடும்.

ரொறன்ரோவில் பிள்ளை வளர்த்த எங்கள் எல்லோருக்கும் சிக்கிட்ஸ் என்ற சிறுவர் வைத்தியசாலையைத் தெரியும். அதற்குள் மதரிஸ்க் என்றொரு ஆய்வுகூடம் இருந்தது. பெற்றோர் மதுவோ போதைப்பொருளோ பாவித்தார்களா என்று தலைமுடியைப் பரிசோதித்துச் சொல்வார்கள். 2005 முதல் 2015 வரை சிறுவர் பாதுகாப்பு வழக்குகளுக்காக மட்டும் 16,000க்கும் மேற்பட்டவர்களின் முடி அங்கே போயிருக்கிறது. முதற்கட்டச் சோதனை "இருக்கலாம்" என்றுதான் சொல்லும். அதை வேறொரு முறையால் உறுதிப்படுத்திய பிறகே "இருக்கிறது" என்று சொல்லலாம். உங்கள் மகளுக்கு இது ஆய்வுகூட வகுப்பில் படித்த பாடம். அந்த ஆய்வுகூடமோ பல ஆண்டுகள் முதற்கட்ட முடிவையே முடிந்த முடிவாக எழுதிக் கொடுத்தது.

2009இல் ஒரு தாய், தன் பிள்ளைக்குக் கொக்கெயின் கொடுத்தார் என்று குற்றவாளியாக்கப்பட்டார். அவருடைய சட்டத்தரணிகள் மேன்முறையீட்டில், அல்பேர்ட்டாவில் இருந்த ஒரு நச்சியல் நிபுணரின் கருத்தைக் கொண்டுவந்து இந்தச் சோதனைமுறையையே கேள்வி கேட்டார்கள். 2014இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் கொக்கெயின் தொடர்பான அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் தலைமையில் அரசாங்கம் விசாரித்தது. அந்தச் சோதனைகள் நம்பத்தகாதவை என்று 2015 டிசம்பரில் அறிக்கை வந்தது. அடுத்து வந்த ஆணைக்குழு 1,271 வழக்குகளைப் பார்த்து, 56இல் இந்தச் சோதனை வழக்கின் முடிவைப் பெரிதாகப் பாதித்திருக்கிறது என்று கண்டது. தத்துக் கொடுக்கப்பட்டுவிட்ட பிள்ளைகளைத் திரும்ப எடுக்கப் பெரும்பாலும் வழியே இருக்கவில்லை. அந்த ஒரு வழக்கில் சட்டத்தரணிகள், "இரண்டாவது சோதனை எங்கே?" என்று விடாமல் கேட்டதில் இருந்து இவ்வளவும் வெளியே வந்தது. அந்தக் கேள்வி உங்கள் மகளுக்கு இப்போதே கேட்கத் தெரியும்.

அதே வைத்தியசாலையில்தான் சார்ள்ஸ் சிமித்தும் வேலை செய்தார். சிறுவர் நோயியல் நிபுணர், ஆனால் தடய நோயியலில், அதாவது வழக்குகளுக்காக மரணத்தின் காரணத்தை ஆராயும் துறையில், முறையான பயிற்சி இல்லாதவர். சந்தேகத்துக்கிடமான சிறுவர் மரணங்களில் அவர் சொன்னதே பல ஆண்டுகள் வேதவாக்கு. பின்னர் வெளிநாட்டு நிபுணர்கள் அவருடைய 45 வழக்குகளைத் திரும்பப் பார்த்தபோது 20இல் கோளாறு கண்டார்கள். வில்லியம் மலின்ஸ்-ஜோன்சன் என்பவர் தன் சகோதரனின் நான்கு வயது மகளைக் கொன்றதாக 1994இல் தண்டிக்கப்பட்டு 12 ஆண்டுகள் உள்ளே இருந்தார். அவருக்காக வேலை செய்த சட்டத்தரணிகள் திசு மாதிரிகளைக் கேட்டபோது முதலில் அவற்றைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடைசியில் அவை சிமித்தின் அலுவலகத்தில் கிடைத்தன. புதிதாகப் பார்த்த நிபுணர்கள், அந்தக் குழந்தை கொலை செய்யப்பட்டதற்கே ஆதாரம் இல்லை என்றார்கள். 2007இல் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இதைவிட எனக்கு வலிப்பது, பிள்ளையைப் பறிகொடுத்த சில பெற்றோர், "சிமித்துக்கு எதிராக நின்று வெல்ல முடியாது" என்று பயந்து, செய்யாததைச் செய்ததாக ஒத்துக்கொண்டதுதான். இதை விசாரித்த நீதிபதி ஸ்டீபன் கௌஜின் 2008ஆம் ஆண்டு அறிக்கையில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது, இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். மகளிடம் கொடுங்கள், நீங்களும் சில பக்கங்கள் பாருங்கள்.

சரி, உண்மையாகவே குற்றம் செய்தவர்களும் வருவார்கள்தானே? வருவார்கள். அவர்களுக்காகவும் உங்கள் மகள் நிற்க வேண்டும். அரச தரப்பு தன் குற்றச்சாட்டைச் சுத்தமான ஆதாரத்தோடு நிரூபிக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய கடமை. தங்களிடம் உள்ள வழக்கு விபரங்களை அரச தரப்பு எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. அந்தப் பெட்டி பெட்டியான கடதாசிகளை வரிவரியாக வாசிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. மேடைப்பேச்சு நன்றாக வரும் என்பதற்காக இதற்கு வருகிற பிள்ளைகளை நான் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். பொறுமையாக வாசிக்கிற பிள்ளையென்றால் ஊக்கப்படுத்துவேன்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். கனடாவில் சட்டம் படிக்கப் பெரும்பாலானோர் முதலில் ஒரு பட்டம் எடுப்பார்கள், அது எந்தத் துறையாகவும் இருக்கலாம். பிறகு எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை, ஜேடி என்ற மூன்று ஆண்டுச் சட்டப் படிப்பு, சட்டத்தரணிப் பரீட்சைகள், ஆர்ட்டிகிளிங் என்ற வேலைப் பயிற்சி. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 30,000 டொலரைத் தாண்டும். குற்றவியல் பக்கம் போகிறவர்களுக்குத் தொடக்கத்தில் வருமானம் பெரிய நிறுவனங்களில் இருக்கிறவர்களைவிட மிகக் குறைவு. லீகல் எய்ட் என்ற, வசதியில்லாதவர்களுக்கான சட்ட உதவி வழக்குகளையே நம்பியிருக்கும் காலம் நீளலாம். இரவில் பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசி வரும். பிரேத பரிசோதனைப் படங்களைப் பார்க்க வேண்டி வரும். இதைப் பற்றி மகளிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசுங்கள், பயமுறுத்த வேண்டாம்.

செய்ய வேண்டியவை சில. மகள் இரசாயனவியல் பட்டத்தை நல்ல புள்ளிகளோடு முடிக்கட்டும், பாதியில் விட வேண்டாம். ஆர்மரி தெரு 10ஆம் இலக்கத்தில் உள்ள ரொறன்ரோ குற்றவியல் நீதிமன்றத்தில் பெரும்பாலான வழக்குகளைப் பொதுமக்கள் உள்ளே இருந்து பார்க்கலாம். விடுமுறையில் சில நாட்கள் போய் இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். யோர்க் பல்கலைக்கழகத்தின் ஓஸ்குட் சட்டக் கல்லூரியில், தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் மாணவர்களே வேலை செய்யும் இன்னசன்ஸ் புரொஜெக்ட் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது அதையும் மனதில் வைக்கட்டும். சட்டம் சரிவராவிட்டால் ஒன்ராறியோ அரசின் தடய அறிவியல் நிலையம் இருக்கிறது, இரசாயனவியல் படித்தவர்களுக்கு அங்கே வேலை உண்டு.

அப்புறம், அடுத்த தவணைக்குப் பாடம் தெரிவுசெய்யும்போது மகளைப் புள்ளியியலில் ஒரு பாடமாவது எடுக்கச் சொல்லுங்கள். மரபணு அறிக்கையில் வருகிற எண்களை வாசிக்க அது வேண்டும், சட்டக் கல்லூரியில் அதற்கு நேரம் கிடைக்காது.