ரசிகர் கேள்வி – பதில்

கே: ‘கேலக்ஸி குவெஸ்ட்’ படம் வெறும் ‘ஸ்டார் ட்ரெக்’ கிண்டல்தானே? அதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ப: கிண்டல்தான், ஆனால் உள்ளன்போடு. 1966 முதல் 1969 வரை ஓடிய ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் 79 அத்தியாயங்களோடு நின்றது, ரசிகர்கள் நிற்கவில்லை. 1972-லேயே நியூயார்க்கில் மாநாடு கூட்டிவிட்டார்கள். 1999-இல் வந்த இந்தப் படம் அத்தகைய ஒரு மாநாட்டில்தான் தொடங்குகிறது. நின்றுபோன ஒரு விண்வெளித் தொடரின் நடிகர்களை நிஜ வீரர்கள் என்று நம்பி வேற்றுக்கிரகவாசிகள் அழைத்துப்போவதுதான் கதை.

ஆலன் ரிக்மன் பாத்திரத்தைக் கவனியுங்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஆடிய மனிதர், தலையில் ரப்பர் ஒப்பனையோடு, அலுத்துப்போன ஒரே வசனத்தைக் கடைத் திறப்பு விழாவில் முனகுகிறார். சிரிக்கிறோம். பிறகு, தன்னை நம்பிய ஒருவன் சாகும்போது அதே வசனத்தை மனதாரச் சொல்கிறார். சிரித்த வாய் மூடிக்கொள்கிறது. முதல் தடவை சலிப்பு அவ்வளவு துல்லியமாக இல்லாவிட்டால் இரண்டாவது தடவை எடுபடாது.

கே: இதே பாணியில் குறுநாடகம் எழுதுகிறேன். ரசிகர்கள் கோமாளிகளாகவே தெரிகிறார்கள். என்ன செய்வது?

ப: அவர்களுக்கு வேலை கொடுங்கள். மேற்சொன்ன படத்தில் நாயகன் விரட்டிவிட்ட ரசிகப் பையன்தான் விண்கப்பலின் வழித்தடங்களை மனப்பாடமாக அறிந்தவன். கடைசியில் வழிகாட்டுவதும் அவனே. உங்கள் ரசிகருக்கும் நடிகரே மறந்த ஏதாவது ஒன்று தெரிந்திருக்கட்டும். முதல் காட்சியில் அது தொல்லையாக வரட்டும், உச்சக்கட்டத்தில் உதவட்டும். உடை, முடியை வைத்து நகைச்சுவை வேண்டாம். இரண்டே நிமிடத்தில் புளித்துவிடும்.