வாங்குவோர் கேள்வி-பதில்: சாயம் வெளுத்த பாஸ்தா

கே: பல நிறக் காய்கனிகள் சாப்பிடச் சொல்கிறார்கள். பிள்ளைகள் காயைத் தொடுவதே இல்லை. கீரை, தக்காளி சேர்த்த மூவண்ணப் பாஸ்தா வாங்கிவிட்டேன். போதும்தானே?

ப: போதாது. நானும் இதில் சூடுபட்டவன். பெட்டியில் படம் போட்டிருந்த கீரைக்கட்டைப் பார்த்து மயங்கி, ஒன்றுக்கு நான்காக வாங்கினேன். கொதிக்கவிட்டதும் தண்ணீர் லேசாகப் பச்சையானது, பாஸ்தா வெளிறியது. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் எது பச்சை, எது சிவப்பு என்று சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் புத்தி வந்தது. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும், குறைந்தது கடைசியில். முதலில் கோதுமை. கடைசி வரியில், உப்புக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு கீரைத்தூள், 2 சதவீதம்! உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி. அந்தக் கணக்கில் இந்தத் தூள் எந்த மூலைக்கு? படத்தைப் பெரிதாகவும் பட்டியலைப் பொடி எழுத்திலும் அச்சடிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறாத கோபம். பிரட், பிஸ்கட், சிப்ஸ் எல்லாவற்றிலும் இதே வித்தைதான். சாதாரணப் பாஸ்தா வாங்கி, நிஜத் தக்காளியை எண்ணெயில் வதக்கிப் போடுங்கள். தக்காளியின் சிவப்பான லைக்கோபீன், வெந்து எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும்.

கே: வெள்ளைக் காய்களை ஒதுக்கிவிடலாமா?

ப: காலிஃபிளவரில் வைட்டமின் சி இருக்கிறது. அது என்ன பாவம் செய்தது?

கே: ஊதா முட்டைக்கோஸ் வேகவைத்தால் நீலமாகிறது. கடைக்காரர் சாயம் பூசி விற்றுவிட்டாரா?

ப: கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், இளஞ்சிவப்பாகும். அது ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமி. புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் (மிளகாய்க் காரமல்ல, சமையல் சோடாவின் தன்மை) நீலமாகும்.

கே: ஏழு நிறத்திலும் வேண்டுமென்று ஒரே நாளில் கூடை நிறைய வாங்கினேன். பாதி அழுகிவிட்டது. மாற்றித் தர மறுக்கிறார்.

ப: அவர் ஏன் தர வேண்டும்? வாரத்துக்கு இரண்டு முறை கொஞ்சமாக வாங்குங்கள். முடியாவிட்டால் உறையவைத்த பட்டாணி இருக்கவே இருக்கிறது, சத்தில் மட்டமில்லை.

கே: கணவர் புகைபிடிப்பவர், கேரட் பிடிக்காது. "நுரையீரலைக் காக்கும்" என்று சொல்லி, கேரட்டின் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டினை மாத்திரையாக ஆறு மாதத்துக்கு விற்றுவிட்டார்கள்.

ப: உங்கள் மேல் தவறில்லை அம்மா, சொல்லி விற்றவர் மேல்தான். மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் தெரிவியுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டுக்கு இந்த வம்பு இல்லை. ரசீது, அட்டை, விளம்பரம் மூன்றையும் பத்திரப்படுத்தி, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கே: பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பு. கலப்படமா?

ப: பீட்ரூட்டேதான். சாப்பிடாத நாளிலும் சிவந்தால் எனக்கு எழுதாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.