சுருக்குக் கம்பியும் நிலக்கடலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'வனவிலங்குகளைக் காக்கும் விவசாயிகள் விளைவித்தது' என்று சீட்டு ஒட்டி அரிசி, தேன் எல்லாம் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அந்தப் பணத்தால் ஒரு மானாவது பிழைக்கிறதா, இல்லை வெறும் விளம்பரமா?

பதில்: பாக்கெட்டில் போட்டிருக்கும் யானைப் படத்தை நானும் நம்புவதில்லை. விவசாயி என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார், மீறினால் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஜாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் தேசியப் பூங்காக்களை ஒட்டியே ஏழை விவசாயிகளின் ஊர்கள். அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்த உயிரியலாளர் டேல் லூயிஸ் ஒன்றைக் கவனித்தார். காட்டில் சுருக்கு வைத்தவர்களில் பலர், அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் மக்காச்சோளம் தீர்ந்துபோன விவசாயிகள். சுருக்குக்குக் கொஞ்சம் கம்பி போதும், செலவே இல்லை. ஆனால் மானுக்கு வைத்ததில் சிங்கமும் மாட்டும், காட்டுநாயும் மாட்டும், யானையின் தும்பிக்கையும் மாட்டும்.

2003இல் அவருடைய 'கொமாக்கோ' என்ற அமைப்பு தொடங்கியது. சுருக்குகளையும் துப்பாக்கிகளையும் ஒப்படைத்தவர்களுக்கு, நிலம் முழுவதையும் உழாமல் குழி போட்டு விதைப்பது, மட்கு உரம் தயாரிப்பது, தேனீ வளர்ப்பு என்று பயிற்சி கொடுத்தார்கள். விளைந்த நிலக்கடலையையும் நெல்லையும் தேனையும் நல்ல விலைக்கு எடுத்து, 'இட்ஸ் வைல்ட்' என்ற பெயரில் ஜாம்பியக் கடைகளிலேயே விற்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஆள் சேர்த்த விதம்தான். யார் வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டமோ அவர்களைத் தேடிப் பிடித்து முதலில் சேர்த்தார்கள். இதுபோன்ற திட்டங்கள் பலவும் ஊரில் ஏற்கெனவே நன்றாக இருக்கிறவர் வீட்டுத் திண்ணையில்தான் போய் உட்காரும்.

சரி, மான் பிழைத்ததா? குறைந்துகொண்டே வந்த விலங்குகளின் எண்ணிக்கை சரியாமல் நிலைத்திருப்பதாக 2011இல் அவர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். திட்டம் முழுவதும் வெற்றியா தோல்வியா என்று அளப்பது இப்போதைக்குக் கடினம் என்றும் அதிலேயே எழுதினார்கள். அப்படி எழுதுகிறவர்களை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தார் எல்லோருக்கும் காட்டோரத்தில் நெல் வயல். நாங்களும் இதைச் செய்யலாமா? ஒருவர் மட்டும் திருட்டுத்தனமாகக் காட்டை வெட்டினால் என்ன செய்வது?

பதில்: செய்யலாம். கம்போடியாவின் வடக்குச் சமவெளியில் 2009 முதல் 'ஐபிஸ் ரைஸ்' என்ற அரிசித் திட்டம் இப்படித்தான் நடக்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் பெரிய அரிவாள் மூக்கன் என்ற பறவை (ஆங்கிலத்தில் 'ஐபிஸ்') அங்கே காட்டுக் குட்டைகளில் இரை தேடும். காட்டை வெட்ட மாட்டோம், வேட்டையாட மாட்டோம், ரசாயனம் போட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டவர்களின் நெல்லுக்குச் சந்தையைவிடக் கூடுதல் விலை.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நெல்லுக்கு நல்ல விலை வந்தால் இன்னும் நாலு வயல் திருத்தலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். காட்டைக் காக்க வந்த விலையே காட்டைத் தின்றுவிடும். அதனால் விலை பேசும் முன் எல்லையைப் பேசுங்கள். 'வனத்தைப் பாதுகாப்போம்' என்று தீர்மானம் போட்டால் அதை யாரும் சரிபார்க்க முடியாது. 'ஓடைக்கு அந்தப் பக்கம் புதிதாக வயல் திருத்த மாட்டோம்' என்று எழுதுங்கள். வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும்.

தண்டனையைப் பொறுத்தவரை, மீறியவரின் நெல்லை அந்தப் பருவம் சாதாரண விலைக்கு எடுங்கள். சங்கம் முழுவதையும் தண்டித்தால் எல்லோரும் சேர்ந்து மூடி மறைப்பார்கள் என்பது என் எண்ணம். சரிபார்க்கப் போகிறவர் மீறியவரின் மச்சானாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எடை போட்ட அன்றே பணம் கொடுங்கள். கூடுதல் விலை தருகிறோம் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தால், குறைந்த விலைக்குக் கையில் காசு தரும் வியாபாரியிடம் நெல் போய்விடும். நெல்லோடு நீங்கள் எழுதி வாங்கிய வாக்கும் போய்விடும்.

கேள்வி: யானை வந்து மொத்தத்தையும் மிதித்துவிட்டுப் போனால் கூடுதல் விலையால் என்ன பயன்?

பதில்: ஒரு பயனும் இல்லை. விற்க நெல் இருந்தால்தானே விலை. கென்யாவில் ஆய்வாளர் லூசி கிங் பரிசோதித்த தேன்கூட்டு வேலியைப் பற்றி விசாரியுங்கள். வயலைச் சுற்றித் தேன்பெட்டிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவார்கள். யானை கம்பியில் இடித்ததும் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். தேனையும் விற்கலாம். ஆனால் பெட்டியில் தேனீ குடியிருக்க வேண்டும். வறட்சியில் கூட்டம் பறந்துபோனால் யானைக்கு அது வெறும் பெட்டிதான். அதனால் வேலி போடும்போதே தண்ணீருக்கும் பூச்செடிக்கும் வழி செய்துவிடுங்கள்.