வேலிக்கு எந்தப் பக்கம் யானை?

பெரும்போக நெல் பால்பிடிக்கத் தொடங்கினால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி யானையைப் பற்றியதாகிவிடும். இந்தக் கிழமை ஏழு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

எங்கள் வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் மின்சார வேலி போட்டு நாலு வருசம். முதல் வருசம் யானை வரவில்லை. இப்போது வேலியே இல்லாதது போல வருகிறது. கரண்டைக் கூட்டித் தரச் சொல்லி மனுக் கொடுக்கலாமா? (தம்பலகாமம்)

கரண்டைக் கூட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை ஐயா. அந்த வேலி கொல்வதற்கல்ல, சுள்ளென்று அடித்துப் பயம் காட்டுவதற்கு. சோலரில் சார்ஜாகும் பற்றரியிலிருந்து ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு தரம், 5,000 வோல்ட்டுக்கு மேல், கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஓர் அடி. அவ்வளவுதான். வீட்டு லைனிலிருந்து நேரே கம்பி இழுப்பது வேறு கதை. அது யானையையும் கொல்லும், விடியற்காலை தண்ணீர் பார்க்கப் போகும் உங்கள் மகனையும் கொல்லும், சட்டப்படி குற்றமும்கூட.

உங்கள் வேலியைச் சாகடித்திருப்பது அநேகமாகப் புல். ஒரு நாள் இரவு வேலியோரம் நின்று காதுகொடுத்துப் பாருங்கள். ஈரப்புல் கம்பியில் தொட்டுக் கிடந்தால் பல்லி சொல்வது போல 'டிக், டிக்' என்று கேட்கும். ஒவ்வொரு டிக்கும் மண்ணுக்குள் இறங்கும் கரண்ட். மாரி மழைக்குள் இரண்டு கிழமை புல் வெட்டாமல் விட்டால் வேலியின் கடைசியில் அடி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. யானைக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் எடுக்காது. கட்டையைக் காலால் மிதித்துச் சாய்க்கும், இல்லாவிட்டால் ஒரு மரக்கொப்பை இழுத்துவந்து கம்பிமேல் போடும். தந்தம் வேண்டியதில்லை, நம் நாட்டு ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்குக்கூடத் தந்தம் கிடையாது, மற்றதெல்லாம் அலியன்தான்.

அப்புறம், வேலி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல வேலிகள் வனசீவராசிகள் திணைக்களத்தின் காடு முடிந்து வனத் திணைக்களத்தின் காடு தொடங்கும் கோட்டில் நிற்கின்றன. அந்தக் கோடு கச்சேரி வரைபடத்தில் இருக்கிறது, யானையோ இரண்டு பக்கமும் இருக்கிறது. இலங்கை நிலத்தில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகிறது, அதில் பெரும்பகுதியில் நாமும் குடியிருக்கிறோம். ஆகவே யானையை உள்ளே வைத்து வேலி போடுவதைவிட நம்மை உள்ளே வைத்துப் போடுவதுதான் புத்தி. ஊரைச் சுற்றி நிரந்தர வேலி. வயலைச் சுற்றிப் போக வேலி: விதைப்போடு கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். பிறகு அறுத்த நெல்லின் தாளை யானை தின்றுவிட்டுப் போகட்டுமே. குருநாகல் மாவட்டத்தில் கல்கமுவப் பக்கம் கமக்காரரே பொறுப்பெடுத்து இப்படிச் செய்து காட்டினார்கள். 2020இல் எழுதப்பட்ட தேசியச் செயற்திட்டமும் இதைத்தான் சொல்கிறது.

யார் புல் வெட்டுவது என்று கேட்டால் திணைக்களத்தைக் கைகாட்டும் ஊரில் வேலி நிற்காது. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு இத்தனை கட்டை என்று பிரித்துவிடுங்கள். சண்டை வரும். வரட்டும்.

ஒரே ஓர் அலியன்தான் தொல்லை. பிடித்து லொறியில் ஏற்றித் தூரத்துச் சரணாலயத்தில் விட்டால் என்ன? (மொறவெவ)

விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிடித்து விடப்பட்ட 12 ஆண் யானைகளுக்குக் கழுத்தில் ஜீபிஎஸ் பட்டி மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. சில நேரே பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. சில ஊர் ஊராக அலைந்தன. சில விட்ட இடத்துக்குப் பக்கத்தில் தங்கி அங்குள்ள வயல்களில் இறங்கின. தொல்லை தீரவில்லை, புது ஊர்களுக்கும் பரவியது, யானைகளும் கூடுதலாகச் செத்தன. பெரிய காட்டில் தீனி நிறைய என்பது நம்முடைய நினைப்பு. உண்மையில் அதற்குப் பிடித்தது கைவிட்ட சேனையில் முளைக்கும் பற்றைதான்.

யானைவெடி போட்டாலும் அசையாமல் நிற்கிறது. (கோமரங்கடவல)

அதுவும் பழகிவிட்டது தம்பி. நானும் ஒரு காலத்தில் பரணிலிருந்து வெடி எறிந்தவன்தான். முதல் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் திரும்பி நிற்கும். பிறகு வெடிச்சத்தம் கேட்டாலே ஆளைத் தேடி வரும். வெடியை முதலில் எடுக்காமல் கடைசியாக எடுங்கள். ஆத்திரத்தில் எறியவே வேண்டாம்.

போன மாதம் இரவில் குசினிச் சுவரை இடித்துவிட்டது. பிள்ளைகள் பயந்துபோய் இருக்கிறார்கள். (மூதூர்)

அம்மா, அது உங்களைத் தேடி வரவில்லை, நெல் மணத்துக்கு வந்தது. நெல் மூட்டை, உப்பு, பழுத்த வாழை, சில இடங்களில் கசிப்பு: சுவர் உடையும் வீடுகளில் அநேகமாக இதில் ஒன்று இருக்கும். மூட்டைகளைப் படுக்கும் அறையிலோ குசினியிலோ வைக்காதீர்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து, வேலிக்குள் தனியாக ஓர் இடத்தில் வைக்கலாம். முற்றத்துப் பற்றையை வெட்டி வெளிச்சமாக்குங்கள். நாய் விடாமல் குரைத்தால் பார்க்க வெளியே ஓடாதீர்கள், உள்ளேயே மறுபக்க அறைக்குப் போங்கள்.

நட்டஈட்டுக்கு, இடிந்த சுவரைத் துப்புரவாக்கும் முன் படம் எடுங்கள். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் உடனே சொல்லுங்கள். பணம் வரச் சுணங்கும், அதைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு.

தேனீப் பெட்டிகளைத் தொங்கவிடும் தேனீ வேலி நம் மாவட்டத்துக்குச் சரிவருமா? (குச்சவெளி)

கென்யாவில் நன்றாகச் சரிவந்தது. அங்குள்ள தேனீக்கு மூர்க்கம் அதிகம், நம்முடையது சாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பூவும் தண்ணீரும் இல்லாமல் பெட்டியை விட்டே போய்விடும். வெறும் பெட்டிக்கு யானை பயப்படாது. தேனுக்காக வைத்தால் வையுங்கள். வேலியோரம் தேசி நடுங்கள், அதை அது அவ்வளவாகத் தொடாது.

வேலை முடிந்து ஹபரணை வீதியால் மோட்டார் சைக்கிளில் கந்தளாய்க்கு வருகிறேன். யானை நின்றால்? (கந்தளாய்)

தூரத்திலேயே நிறுத்துங்கள். கோர்ன் அடிக்காதீர்கள், இடைவெளி பார்த்து நுழையாதீர்கள். பாதையின் ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் குட்டியும் நிற்கலாம். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி 6 யானைகள் ஒரேயடியாகச் செத்தன. ரயிலால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, உங்களால் முடியும். வாழைப்பழம் நீட்டும் வாகனக்காரர்களைக் கண்டால் என் சார்பில் ஏசுங்கள். மறிப்பதற்கு அதைப் பழக்குவதே அவர்கள்தான்.

மாமா பூசணிக்காய்க்குள் வெடி வைக்கிறார். 'பன்றிக்குத்தான்' என்கிறார். நான் என்ன செய்ய? (ஈச்சிலம்பற்று)

தங்கச்சி, ஹக்கபட்டாஸ் என்று செய்திகளில் வருவது இதுதான். கந்தளாய்ப் பக்கத்துக் குளம் ஒன்றில் அதைக் கடித்த குட்டியைப் பார்த்தேன். தாடை தொங்கிக்கொண்டிருந்தது. தும்பிக்கையால் தண்ணீரை எடுத்து வாய்வரை கொண்டுபோகும், ஊற்றும், எல்லாம் வெளியே வழியும். திரும்பவும் எடுக்கும். இப்படிக் கடித்தது உடனே சாகாது, நாட்கணக்கில் பசியில் கிடந்துதான் சாகும்.

மாமாவிடம் குட்டிக் கதையைச் சொன்னால் சிரிப்பாரோ தெரியாது. அந்தப் பூசணிக்காயை அவருடைய பசுவும் கடிக்கும் என்று சொல்லுங்கள். அப்போதும் கேட்காவிட்டால் வனசீவராசிகள் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். அதுவரை நீங்களாக அதைத் தூக்கி எறியப் போகாதீர்கள், கையில் வெடிக்கும்.