வீட்டிலேயே எக்ஸாஸ்ட் மாட்டுவது: கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் காருக்கு வேறு கம்பெனி எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) வாங்கி, வொர்க்‌ஷாப்புக்குப் போகாமல் தானே மாட்ட நினைப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கேட்-பேக் பற்றியவை. அதாவது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் (சுருக்கமாக 'கேட்') பின்னாலிருந்து, சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளர் வரை உள்ள பகுதி. அதற்கு முன்னால் உள்ள டவுன்பைப், ஹெடர் எல்லாம் வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. அந்தக் கேள்விகளை விட்டுவிட்டேன்.

செங்காங் தம்பி: அண்ணே, ப்ளாக் பக்கத்து மல்டி ஸ்டோரி கார் பார்க்கில் மேல் டெக் ராத்திரியில் காலியாத்தான் கிடக்கு. பத்து மணிக்கு மேல அங்க வச்சு மாட்டிரலாமா? ரெண்டு மணி நேர வேலைன்னு வீடியோவில் சொல்றாங்க.

வேண்டாம் தம்பி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் பார்க் வண்டி நிறுத்துவதற்கு. அங்கே ஜாக் போட்டு வேலை பார்க்க அனுமதி கிடையாது. அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், மேல் டெக்கை மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சற்றுச் சாய்வாகப் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு, ஸ்டாண்டில் ஏற்றிய காருக்கு ஆபத்து. தரைவீட்டில் இருக்கும் சித்தப்பாவோ நண்பரோ போர்ச்சைக் கொடுத்தால் அங்கே செய்யுங்கள். டைல்ஸ் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பிளைவுட் வையுங்கள். டைல்ஸ் விரிசல் விட்டால் சித்தப்பா மன்னிப்பார், சித்தி மன்னிக்க மாட்டார். வீடியோவில் சொல்லும் இரண்டு மணி நேரம் லிஃப்ட் வைத்திருப்பவர் கணக்கு. பழைய போல்ட் முரண்டு பிடித்தால் அரை நாள் போய்விடும்.

தெம்பனிஸ்காரர்: ஜப்பானிலிருந்து வரவழைச்ச மஃப்ளர். ஜாஸ்மா தகடு அடிச்சிருக்கு. இது போதும்தானே?

போதாது. ஜாஸ்மா என்பது ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் மஃப்ளர் தயாரிப்பாளர்கள் சங்கம். அந்தத் தகடு அவர்கள் ஊர் விதிக்கு. இங்கே எக்ஸாஸ்டை மாற்றியமைக்க நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். உங்கள் மாடலுக்கு, அந்தப் பார்ட் நம்பருக்கு, புகை, சத்தம் இரண்டுக்கும் உரிய தாள்கள் இருக்கின்றனவா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கடையில் கேளுங்கள். "எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். புதுக் கார் மூன்று வருடம் ஆன பிறகுதான் விகாம், எஸ்டிஏ போன்ற இடங்களுக்குச் சோதனைக்குப் போகிறது. பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். அதுவரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். சாலையோரச் சோதனையும் நடக்கிறது, சத்தமான வண்டி அதில் தானாகவே போய் மாட்டும்.

கழற்றிய பழைய எக்ஸாஸ்டைத் தூக்கிப் போடாதீர்கள். காரை விற்கும்போது அது தேவைப்படும்.

உட்லண்ட்ஸ்காரன்: ஜேபியில் (ஜோகூர் பாரு) 'கேட்'டை எடுத்துட்டு நேர் பைப் போட்டுத் தர்றாங்களாம். சோதனைக்கு முன்னாடி திரும்ப மாட்டிக்கலாம்னு கூட்டாளி சொல்றான்...

கூட்டாளி அபராதத்தில் பங்கு தருவானா என்று கேளுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுப்பது இங்கே சட்டவிரோதம். அதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

பூன் லே வாசி: மாட்டி முடிச்சாச்சு. இடது பைப் பம்பரை ஒட்டி நிக்குது, வலது பைப் ஒரு விரல் கீழே தொங்குது. வாங்கின கடையில் "பைப் வளைஞ்சிருக்கு, வெட்டி வெல்ட் அடிக்கணும்"கிறாங்க. உண்மையா?

இருக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு முன் எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து வாருங்கள். இந்தக் கோணல் பெரும்பாலும் பைப்பில் இருப்பதில்லை, இறுக்கிய வரிசையில்தான் இருக்கிறது. முன்னால் ஒரு ஃபிளாஞ்சை (இரண்டு பைப்பைப் போல்ட்டால் சேர்க்கும் தட்டு) மாட்டி இறுக்கு, அடுத்ததை மாட்டி இறுக்கு என்று போனால் கடைசியில் மஃப்ளர் எங்கே வந்து நிற்கிறதோ அங்கேதான் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன் ஃபிளாஞ்சில் ஒரு டிகிரி சாய்ந்தால் ஒன்றரை மீட்டர் தள்ளி அது 26 மில்லிமீட்டர். உங்கள் ஒரு விரல் அதற்குள் அடங்கிவிடும். நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட்டின் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினாலே இந்தச் சாய்வு வந்துவிடும்.

முறை இதுதான். முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொரு துண்டாக ஏற்றுங்கள். நட்டுகளைக் கையால் திருகி விட்டால் போதும், பைப் ஆட வேண்டும். ரப்பர் ஹேங்கர்கள் எல்லாவற்றையும் மாட்டி, மொத்த எடையும் ரப்பரில் தொங்கட்டும். போல்ட் எடையைத் தாங்கக் கூடாது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஸ்லிப் ஜாயின்ட் இருந்தால் 40 முதல் 50 மில்லிமீட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். அந்த ஜாயின்ட்தான் உங்களுக்குக் கிடைத்த வரம். முன்பின்னாகத் தள்ளினால் பைப் வாய் பம்பருக்கு வெளியே எவ்வளவு நீட்டுகிறது என்பது மாறும், சுழற்றினால் மஃப்ளரின் மட்டம் மாறும். முதலில் நடு பைப்பைச் சுழற்றிப் பாருங்கள், பிறகுதான் மஃப்ளர். பலர் பின்னால் நின்றுகொண்டு மஃப்ளரையே மல்லுக்கட்டித் தூக்குகிறார்கள். கோணல் அதற்கு ஒரு மீட்டர் முன்னால் இருக்கும்.

மட்டம் பார்க்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள். ஸ்டாண்ட் ஒரு பல் ஏறியிருந்தால் அளவு பொய் சொல்லும். பம்பரின் வெட்டுவாயிலிருந்து அளந்து பாருங்கள். வாய்க்கும் பம்பருக்கும் நடுவே மேல்பக்கம் 15 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள், பிளாஸ்டிக் சூட்டில் உருகும். பம்பர் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்தால் கீறல் விழாது.

எல்லாம் திருப்தி என்றதும் முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஃபிளாஞ்சில் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. பொதுவாக எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25, எம்10-க்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரும். பெட்டியில் வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்பிரிங் போட்ட போல்ட் என்றால் ஸ்பிரிங்கை நசுக்கக் கூடாது. இன்ஜின் ஆடும்போது ஜாயின்ட் நெளிந்து கொடுப்பதற்காகத்தான் அந்த ஸ்பிரிங்கே இருக்கிறது. ஒவ்வொரு ஜாயின்ட்டை இறுக்கியதும் பின்னால் போய் வாயைப் பாருங்கள். நகர்ந்திருந்தால் உடனே தெரிந்துவிடும், எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்காது.

பிடோக் அங்கிள்: நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஸ்டாண்டில் இருக்கும்போது கச்சிதம். ரோட்டில் ஹம்ப் ஏறினா "டங்"னு ஒரு சத்தம்.

அங்கிள், ஸ்டாண்டில் இருக்கும்போது பின் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கியிருக்கும். சஸ்பென்ஷன் முழுக்கக் கீழே இறங்கிய நிலையில் நீங்கள் பார்த்த இடைவெளி, சக்கரம் தரையில் நிற்கும்போது இருக்காது. ஹம்ப்பில் சக்கரம் மேலே வரும்போது அதுவும் சுருங்கும். கடைசிச் சரிபார்ப்பைச் சக்கரங்களில் எடை இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ராம்ப் மேல் ஏற்றி நிறுத்திப் பார்க்கலாம். பின் ஆர்ம், ஆன்டி ரோல் பார், ஹீட் ஷீல்டு, பிரேக் லைன், பெட்ரோல் லைன் ஒவ்வொன்றுக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். தட்டுகிற இடத்தில் பெயின்ட் உரிந்து பளபளப்பாக ஒரு தழும்பு இருக்கும், டார்ச் அடித்துத் தேடுங்கள்.

சூட்டையும் கணக்கில் எடுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் பைப் இரண்டு மீட்டர் நீளம் இருந்து, 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளும். முன்பக்கம் இன்ஜினோடு கட்டிப்போட்டிருப்பதால் நீளுவது முழுக்கப் பின்பக்கம்தான். ஆகவே ஆறியிருக்கும்போது ரப்பர்கள் சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் நல்லது, சூடேறியதும் நேராகும். ஆறிய நிலையிலேயே ரப்பர் பின்னோக்கி இழுபட்டு நின்றால் ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

சிராங்கூன் கார்டன்ஸ் அக்கா: தம்பி, எனக்குக் கார் பத்தி ஒண்ணும் தெரியாது. பாலிடெக்னிக்கில் படிக்கிற என் மகன், மஃப்ளர் துருப்பிடிச்சுப் போச்சு, வீட்டு போர்ச்சிலேயே மாத்திடறேன், ஐந்நூறு வெள்ளி மிச்சம்னு நிக்கிறான். வண்டி ஹைப்ரிட். விடலாமா?

விடலாம் அக்கா, நீங்கள் நாலு விஷயத்தைக் கண்ணால் பார்த்த பிறகு. கார் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும், ஜாக்கின் மேல் மட்டும் நிற்கிற காருக்கு அடியில் மகன் ஒரு கையைக்கூட நீட்டக் கூடாது. தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், படுத்துப் பார்க்கும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும். காலையில் ஓட்டிவிட்டு வந்த வண்டியில் உடனே கை வைக்கக் கூடாது.

ஹைப்ரிட்டுக்கு மட்டும் இன்னொன்று. பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகும். வண்டியை முழுதாக அணைத்துவிட்டு, சாவியை நீங்கள் வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஆரஞ்சு நிறத்தில் போகும் கேபிள்கள் உயர் மின்னழுத்தம். அவற்றின் அருகே பைப்பை இடித்து இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை முடியும்வரை வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கட்டும்.

பல பேர்: பழைய ரப்பர் கழல மாட்டேங்குது. போல்ட் துரு.

ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் அல்லது சிலிக்கான் ஸ்ப்ரே. இன்ஜின் ஆயில், கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறி உப்பிக் கிழியும். வெடிப்பு தெரிந்தால் புதிது போடுங்கள், சில வெள்ளிதான். கெட்டியான பாலியூரித்தேன் ஹேங்கர் ஸ்டைலாக இருக்கும், ஆனால் அதிர்வையெல்லாம் சீட்டுக்கு அனுப்பும். தினம் ஓட்டுகிற காருக்கு நான் போடச் சொல்ல மாட்டேன்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விட்டுவிடுங்கள், காலையில் இன்னொரு முறை. ஸ்பேனர் ஆறு மூலை சாக்கெட்டாக இருக்கட்டும், பன்னிரண்டு மூலை போட்டால் நட்டு வழுக்கி உருண்டையாகிவிடும். அசையவில்லை என்றால் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்பிவிட்டுப் பிறகு கழற்றிப் பாருங்கள். 'கேட்' பக்கத்து ஸ்டட் (பைப்பிலேயே பதித்த போல்ட்) ஒடிகிற மாதிரி தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ ஒரு வொர்க்‌ஷாப்பில் அதை மட்டும் கழற்றித் தரச் சொல்வது ஒடிந்த ஸ்டட்டைத் துளை போட்டு எடுப்பதைவிட மலிவு.

ஆங் மோ கியோவிலிருந்து: ஸ்டார்ட் பண்ணினதும் புகை, கருகல் வாடை. அப்புறம் "டிக் டிக்"னு ஒரு சத்தம். பயமா இருக்கு.

புகையும் வாடையும் புதுப் பைப்பில் இருந்த எண்ணெய், கைரேகை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்திருந்தால் ஸ்டெயின்லெஸ்ஸில் விரல் தடம் நிரந்தரமாகப் பதிந்திருக்காது.

"டிக் டிக்" வேறு கதை, அது கசிவு. வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இன்னொருவரைக் கையுறை போட்ட கையில் மடித்த துணியால் பைப் வாயைப் பாதி அளவு மூடச் சொல்லுங்கள். ஓட்டை இருந்தால் "ஸ்ஸ்" என்ற சத்தம் பெரிதாகும். ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும். சில நாள் ஓடியிருந்தால் கசிகிற இடத்தில் கரி படிந்திருக்கும். இதைத் திறந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சீட்டுகளுக்கு அடியில் கசிவை வைத்துக்கொண்டு, ஜன்னலை மூடி ஏர்கான் போட்டுக் குடும்பத்தோடு போக வேண்டாம்.

பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டிருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். இன்னும் இறுக்குவதால் அது அடையாது. புதிது வாங்குங்கள்.

குவீன்ஸ்டவுன் வாசகர்: பிஐஇ எக்ஸ்பிரஸ்வேயில் 80, 90-ல் போகும்போது காதுக்குள்ள "ம்ம்ம்"னு. மனைவி ஏற மாட்டேங்கிறா. ரெசனேட்டர் போடணுமா?

நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2,200 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு 73. அந்தத் தாழ்ந்த ஒலியோடு காரின் உள்பக்கமே சேர்ந்து அதிர்ந்தால் நீங்கள் சொல்லும் "ம்ம்ம்" வரும். ரெசனேட்டர், அதாவது பைப்பில் சேர்க்கும் இன்னொரு சத்தக் குறைப்பி, அதைக் குறைக்கும். ஆனால் அதற்குக் காசு செலவழிக்கும் முன், பைப் எங்காவது பாடியைத் தொடுகிறதா, ஏதாவது ஒரு ஹேங்கர் ரப்பர் இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டாலும் முழு பாடியும் ஸ்பீக்கராகிவிடும். மேலே பூன் லே வாசிக்குச் சொன்னபடி தளர்த்தி மறுபடி மாட்டியும் இருந்தால்தான் ரெசனேட்டர். அதற்கும் தாள் வேண்டும், மறக்க வேண்டாம்.

செங்காங் தம்பி: சித்தப்பா ஓகே சொல்லிட்டாரு அண்ணே. மாட்டின பிறகு மறுபடி எப்ப பார்க்கணும்?

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டி நன்றாக ஆறியதும் ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) சரிபாருங்கள். சூடேறி ஆறும்போது கேஸ்கெட் படியும், கொஞ்சம் தளர்ந்திருக்கும். பைப் வாயின் இடைவெளியை முதல் நாளே படம் எடுத்து வைத்திருந்தால் அதோடு ஒப்பிடலாம். அடுத்தது இன்ஜின் ஆயில் மாற்றும்போது பார்த்தால் போதும்.