சிபாரிசில் வந்த போஸ்ட்மாஸ்டர்கள்

கேள்வி: அமெரிக்காவில் 1883-லேயே பென்டில்டன் சட்டம் வந்து, அரசு வேலைக்குத் தேர்வு கட்டாயமாகிவிட்டதாமே? பிறகும் கட்சிக்காரர்களுக்கு எப்படி வேலை கிடைத்தது?

பதில்: அந்தச் சட்டம் முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளைத்தான் தொட்டது. மற்றவற்றை அடுத்தடுத்து வந்த ஜனாதிபதிகள் உத்தரவு போட்டுச் சேர்த்தார்கள். பெரிய அஞ்சலகத்தில் குமாஸ்தா தேர்வு எழுதித்தான் வர வேண்டும். அவருக்கு மேலே உட்காரும் போஸ்ட்மாஸ்டருக்குத் தேர்வே கிடையாது! ஆண்டுச் சம்பளம் 1,000 டாலரை எட்டிய அஞ்சலகம் என்றால் ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும், பதவிக்காலம் நான்கு ஆண்டு. அதற்குக் கீழே இருந்தவை நான்காம் வகுப்பு. அவற்றுக்கு அஞ்சல் துறையின் தலைவரான போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆள் போடுவார்.

இதெல்லாம் காகிதத்தில். பெயரைக் கொடுத்தவர் ஆளும் கட்சியின் உள்ளூர்ப் பிரதிநிதி சபை உறுப்பினர். தொகுதி எதிர்க்கட்சி வசம் இருந்தால், தோற்ற வேட்பாளரோ கட்சியின் உள்ளூர்த் தலைவரோ சொல்வதுதான் நடக்கும்.

நான்காம் வகுப்பில் நிலையான சம்பளம் இல்லை. எவ்வளவு மதிப்புள்ள தபால்தலைகளில் முத்திரை குத்தினாரோ, அதைப் பொறுத்தே வருமானம். ஆனாலும் போட்டி கடுமை. பல ஊர்களில் மளிகைக்கடையின் ஒரு மூலைதான் அஞ்சலகம். கடிதம் வாங்க வருகிறவர் உப்பும் மண்ணெண்ணெயும் அங்கேயே வாங்கிப் போவார்.

கேள்வி: நான்காம் வகுப்புக்கும் தேர்வு வந்ததே, நிலைமை மாறவில்லையா?

பதில்: மாறியது, அரைகுறையாக. 1908-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த சுமார் 15,000 பேரைத் தேர்வு முறையின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார். 1912 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, அவருக்கு அடுத்த ஜனாதிபதி டாஃப்ட் மிச்சமிருந்த சுமார் 36,000 பேரையும் சேர்த்தார். கோளாறு இங்கேதான். பதவியில் இருந்த பெரும்பாலோர் குடியரசுக் கட்சி சிபாரிசில் வந்தவர்கள்; தேர்வு எழுதாமலேயே நிரந்தரமானார்கள். அடுத்து வந்த ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வில்சன், 1913 மே மாதம், அந்த இடங்களுக்குப் பொதுத் தேர்வு வைக்கச் சொன்னார். நியாயமான உத்தரவுதான். ஆனால் தன் கட்சிக்காரர்களுக்கும் அதுவே வாசல் திறந்துவிட்டது.

பெரிய அஞ்சலகங்களுக்கு 1917-ல் அவரே, முதல் மதிப்பெண் எடுத்தவரையே நியமிக்க வேண்டும் என்று விதித்தார். உருப்படியான விதி. 1921-ல் அடுத்த ஜனாதிபதி ஹார்டிங் அதை 'முதல் மூவரில் ஒருவர்' என்று தளர்த்தினார். அந்த மூவரில் எவர் என்பதில் கட்சியின் சொல் மீண்டும் எடுபட்டது. அவருடைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் வில் ஹேஸ், அதற்கு முன் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு ஆண்டுக் கெடு நீங்க 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: நடுவில் நீக்கப்பட்டால் வழக்குப் போட முடியாதா?

பதில்: ஃபிராங்க் மையர்ஸ் போட்டார். ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் 1917-ல் முதல் வகுப்பு போஸ்ட்மாஸ்டர் ஆனவர். 1920 ஜனவரியில் ராஜினாமா கேட்டார்கள், மறுத்தார், பிப்ரவரி 2-ல் நீக்கினார்கள். நீக்கவும் செனட் சம்மதம் வேண்டும் என்றது 1876-ஆம் ஆண்டுச் சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு பாக்கிச் சம்பளம் 8,838 டாலர் 71 சென்ட் கேட்டார். வழக்கு முடியுமுன் இறந்துபோனார். 1926 அக்டோபர் 25-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது: அந்த நிபந்தனை அரசியல் சாசனத்துக்கு முரண், ஜனாதிபதி தனியாகவே நீக்கலாம். தீர்ப்பை எழுதியவர், அப்போது தலைமை நீதிபதியாகிவிட்டிருந்த அதே டாஃப்ட்.