காலையில் மட்டும் கடகடக்கும் இன்ஜின்: வாரண்டி முடிவதற்குள் என்ன செய்யலாம்?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் குடியிருக்கிறேன். இரண்டரை வருடத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒன்பதரை லட்சம் கொடுத்துப் புது பெட்ரோல் கார் எடுத்தேன். போன மார்கழியிலிருந்து காலை முதல் ஸ்டார்ட்டில் நாலைந்து நொடி இன்ஜினில் கடகடவென்று சத்தம் வருகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. சேலத்தில் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போயாச்சு. "சத்தமே இல்லையே சார், மலைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். மூன்று வருட வாரண்டியில் ஆறு மாதம்தான் பாக்கி. வழக்குப் போட்டால் புது கார் கிடைக்குமா?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று ஜாப் கார்டு (வண்டியை விடும்போது குறையை எழுதும் சர்வீஸ் சீட்டு) நகல்களையும் பார்த்தேன். முதல் இரண்டிலும் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் இருக்கிறது. மூன்றாவதில் 'நாய்ஸ் செக்' என்று ஒரு வரி, அதன் கீழேயே 'நாய்ஸ் இல்லை'. 'காலையில், முதல் ஸ்டார்ட்டில்' என்ற வார்த்தை எங்குமே இல்லை. மூன்றிலும் 'வேலை திருப்தி' என்ற கட்டத்தில் உங்கள் கையெழுத்து. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது இந்தக் காகிதங்களைத்தான்.

சர்வீஸ் சென்டர்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வண்டி சேலம் சேரும்போது இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும், ஆயில் எல்லா இடத்திலும் நிறைந்திருக்கும். பிறகு சத்தம் எப்படி வரும்? மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இது: வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் பிரஷரால்தான் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க வண்டி நின்றால் ஆயில் கீழே வடிந்துவிடும். பிரஷர் ஏறும்வரை தளர்ந்த செயின் அடித்துக்கொள்ளும். ஆயில் ஃபில்டரில் ஆயில் வடியாமல் தடுக்கும் வால்வு கெட்டிருந்தாலும், வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் தேய்ந்திருந்தாலும், தவறான கிரேடு ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான். சைலன்சர் மேலுள்ள வெப்பத் தகடு லூசாகி அதிர்வதாகவும் இருக்கலாம். அது சில்லறைச் செலவு. செயின் என்றால் விளையாட்டில்லை. செயின் பல் சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும்.

ஆகவே வண்டியை முந்தின நாள் மாலையே சர்வீஸ் சென்டரில் விட்டு, மறுநாள் காலை உங்கள் கண்ணெதிரே முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். "இரவு முழுக்க நின்ற பின் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜினில் 4–5 நொடி சத்தம்" என்று ஜாப் கார்டில் எழுதிய பிறகே சாவியைக் கொடுங்கள். சேலம் சூட்டில் சத்தம் குறைந்தால், டெக்னீஷியனை நாகலூருக்கே அனுப்பச் சொல்லி மெயில் போடுங்கள். வண்டி எடுக்கும்போது குறை தீரவில்லை என்றால் 'ஆட்சேபத்துடன் பெற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் வீடியோவும் எடுங்கள். டேஷ்போர்டில் நேரமும் கிலோமீட்டரும் தெரியத் தொடங்கி, திறந்த பானெட்டுக்கு வந்து, வேறொருவர் ஸ்டார்ட் செய்ய, வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக இருக்கட்டும். மூலப்பதிவை போனிலிருந்து அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யலாம். வெளி மெக்கானிக்கிடம் இன்ஜினைப் பிரிக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பிரித்த கையோடு வாரண்டி வாதம் பலவீனமாகிவிடும்.

இதற்கும் மசியாவிட்டால் டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை, குடியிருக்கும் இடத்தில் தாக்கல் செய்ய 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய். காலக்கெடு இரண்டு வருடம். சத்தம் முதலில் வந்த மார்கழியிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம்.

இது உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல்தான். அங்கேதான் பல வழக்குகள் சாய்கின்றன. அதனால் புகாரோடு சேர்த்தே, 38-ஆம் பிரிவின்படி நிபுணர் சோதனை கேட்டு மனுப் போடுங்கள். சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி மெக்கானிக்கல் துறையிலிருந்து ஒருவரை நியமிக்கும்படி கேட்கலாம். சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும்.

புது கார் கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு வண்டியையே மாற்றத் தேவையில்லை என்று 2006-இல் ஒரு மாருதி கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டென்ஷனர், செயின் என்று பழுதானதை இலவசமாக மாற்றுவது, அந்தப் பாகத்துக்குப் புதிதாக வாரண்டி, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு: இவற்றைக் கேளுங்கள். கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சத்தம் முன்பைவிட நீண்டாலோ, செக் இன்ஜின் விளக்கு எரிந்தாலோ அந்த வண்டியில் மலை இறங்காதீர்கள். வளைவில் இன்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாய்க் கனக்கும். கம்பெனியின் சாலை உதவி எண்ணை அழைத்து வண்டியைத் தூக்கிப்போகச் சொல்லுங்கள். அழைத்த நேரத்தை அன்றே மெயிலில் எழுதிவிடுங்கள்.